‘கூடிய’வும் ‘வேண்டிய’வும் ஆங்கிலத்துக்குப் போகும்போது

“நாளைக்கு வரக்கூடிய ஆடிட்டருக்கு இந்தக் கோப்புகளையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.” மேலாளர் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார். இதை ஆங்கில மின்னஞ்சலாக எழுதி அனுப்புவது உங்கள் பொறுப்பு. கை தானாக எழுதுவது ‘தி ஆடிட்டர் ஹூ கேன் கம் டுமாரோ’ என்றுதான். படிக்கிறவருக்கு அது எப்படிப் புரியும்? பல ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், அவர்களில் நாளைக்கு வர யாருக்கு வசதிப்படுகிறதோ அவர் என்று புரியும். மேலாளர் சொன்னது அது இல்லை. ஆடிட்டர் வருவது உறுதி என்றால் ‘ஹூ இஸ் கமிங் டுமாரோ’ என்று எழுத வேண்டும். வந்தாலும் வரலாம் என்றால் ‘ஹூ மே கம் டுமாரோ’. மேலாளரின் மனத்தில் இருந்தது எது என்பதை ‘வரக்கூடிய’ என்ற ஒரு சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சென்ற அத்தியாயத்தில் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ மூன்றும் பெயருக்குப் பின்னால் எப்படி வந்து உட்காருகின்றன என்று பார்த்தோம். இந்த அத்தியாயத்தில் அவற்றுக்குப் பின்னால் வரும் வினையைப் பார்க்கப்போகிறோம். அந்த வினையோடு கேன், மே, மஸ்ட், ஷுட் போன்ற மோடல் துணைவினைகள் சேரும்போதும், ‘எப்போதும்’, ‘எளிதாக’, ‘மட்டும்’ போன்ற வினையடைகள் சேரும்போதும் தமிழ் பேசுகிற நமக்குத் தடுமாற்றம் வருகிறது. அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு, அது நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆங்கில வாக்கியங்களை வழக்கம்போல் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் முற்றாக்குங்கள்

ஆங்கிலத்தில் ‘ஹூ’ போட்டுச் சொல்வதைத் தமிழில் பெயரெச்சத்தால் சொல்கிறோம். வந்த பையன், வருகிற பையன், வரும் பையன் என்று மூன்று காலத்துக்கும் வடிவம் இருக்கிறது. முடியும், வேண்டும், கூடும், வரலாம் என்று துணைவினைகள் சேரும்போது இந்த வசதி சுருங்கிவிடுகிறது. ‘வரலாம்’ என்பதற்குப் பெயரெச்ச வடிவமே கிடையாது. ‘வரலாமான ஆள்’ என்று யாரும் சொல்வதில்லை. அதனால் ‘வரலாம்’, ‘வரக்கூடும்’ இரண்டுமே, பல சமயம் ‘வர முடியும்’ என்பதும்கூட, ‘வரக்கூடிய’ என்ற ஒரே வாசலில் வந்து நெருக்குகின்றன. அதேபோல் கட்டாயம், கடமை, அறிவுரை, தேவை, ஏற்பாடு எல்லாம் ‘வேண்டிய’ என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. தமிழில் இதனால் எந்தக் குறையும் வராது. பேசுகிற இடமும் சூழலும் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்திலோ அந்த ஒவ்வொரு பொருளுக்கும் தனிச்சொல் இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

வழி எளிது. பெயரெச்சத்தை நேராக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அதை முதலில் தமிழிலேயே வினைமுற்றாக மாற்றுங்கள். ‘வரக்கூடிய ஆடிட்டர்’ என்று கண்ணில் பட்டதும், “ஆடிட்டர் வர முடியும்” என்றா, “ஆடிட்டர் வரலாம்” என்றா, “ஆடிட்டர் வருவார்” என்றா எது பொருந்துகிறது என்று கேளுங்கள். பொருந்தும் முற்றுக்கு உரிய ஆங்கிலத் துணைவினை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முடியும் என்றால் கேன். வந்தாலும் வரலாம் என்றால் மே அல்லது மைட். வருவார் என்றால் வில், அல்லது ‘இஸ் கமிங்’. வரலாம் என்பது அனுமதியைக் குறித்தால் மே, கேன் இரண்டில் ஒன்று.

“தேர்வு அறைக்குள் கொண்டுபோகக்கூடிய பொருட்கள்” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகலாம் என்று அனுமதி தருகிறார்கள். ஆகவே ‘திங்ஸ் தட் கேண்டிடேட்ஸ் மே டேக் இன்ட்டு தி ஹால்’. “இந்தப் பையில் கொண்டுபோகக்கூடிய பொருட்கள்” என்றால் பையின் கொள்ளளவைப் பற்றிய பேச்சு. அங்கே ‘திங்ஸ் தட் யூ கேன் கேரி இன் திஸ் பேக்’. இரண்டுக்கும் தமிழ்ச் சொல் ஒன்றுதான்.

மே என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ மே லீவ் அர்லி’ என்று எழுதினால், சீக்கிரம் போக அனுமதி பெற்ற மாணவர்களா, சீக்கிரம் போய்விட வாய்ப்புள்ள மாணவர்களா என்று ஆங்கிலக்காரருக்கே குழப்பம் வரும். அனுமதி என்றால் ‘ஹூ ஆர் அலவ்ட் டு லீவ் அர்லி’ என்றும், வாய்ப்பு என்றால் ‘ஹூ மைட் லீவ் அர்லி’ என்றும் எழுதிவிடுங்கள். அலுவலக எழுத்தில் இரண்டு பொருள் தரும் வாக்கியத்தை விட்டுவைக்கக் கூடாது.

மேடைத் தமிழின் ‘கூடிய’

“இங்கே வருகை தந்திருக்கக்கூடிய பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடிய தாய்மார்களே” என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். தொலைக்காட்சிச் செய்தியாளர்களும் “தற்போது பெய்துகொண்டிருக்கக்கூடிய கனமழை” என்கிறார்கள். மழை பெய்துகொண்டிருக்கிறது, அதில் ஐயமே இல்லை. இந்தக் ‘கூடிய’ வாக்கியத்துக்கு நீளத்தையும் மிடுக்கையும் தருகிறது, பொருள் எதையும் தருவதில்லை. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது இதை அப்படியே விட்டுவிட வேண்டும். ‘தி எல்டர்ஸ் ஹூ ஹேவ் கம் ஹியர்’, ‘தி ஹெவி ரெயின் தட் இஸ் ஃபாலிங் நவ்’. அங்கே கேன், மே எதற்கும் இடமில்லை.

மேடைப் பேச்சையும் நேர்காணல்களையும் மொழிபெயர்ப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். “அரசு எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைகள்” என்று பேச்சாளர் சொன்னால், எடுத்துவிட்ட நடவடிக்கைகளைத்தான் பெரும்பாலும் சொல்கிறார். அதை ‘மெஷர்ஸ் தட் தி கவர்ன்மென்ட் குட் ஹேவ் டேக்கன்’ என்று எழுதிவிட்டால், எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை என்று ஆகிவிடும். பாராட்டு குற்றச்சாட்டாக மாறிவிடும். வினைமுற்றுச் சோதனை இங்கேயும் கைகொடுக்கும். “அரசு எடுத்திருக்கிறது” என்பது பொருந்துகிறதா, “அரசு எடுத்திருக்கலாம்” என்பது பொருந்துகிறதா என்று முன்பின் வாக்கியங்களோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வேண்டிய: கட்டாயம் எவ்வளவு?

‘செய்ய வேண்டிய வேலை’ என்பதில் கட்டாயத்தின் அளவு தெரியாது. ஆங்கிலத்தில் தெரிய வேண்டும். செய்யாவிட்டால் ஆகாது என்றால் மஸ்ட். செய்வது நல்லது, செய்ய வேண்டிய முறையும் அதுதான் என்றால் ஷுட். சூழ்நிலையோ மேலிடமோ விதித்த கட்டாயம் என்றால் ஹேவ் டு. தேவை இருக்கிறது என்றால் நீட் டு. ‘ஃபார்ம்ஸ் தட் மஸ்ட் பி சைன்ட்’ என்று எழுதினால் கையெழுத்தில்லாத படிவம் செல்லாது. ‘ஃபார்ம்ஸ் தட் ஷுட் பி சைன்ட்’ என்றால் கையெழுத்து இருப்பது முறை, விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது வாக்கியத்தில் இல்லை.

இந்த வேறுபாட்டைத் துறைசார்ந்தவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்களுக்காக 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்ற சிறிய ஆவணம் வந்தது. எழுதியவர் ஸ்காட் பிராட்னர். மஸ்ட் என்றால் விலக்கே இல்லாத கட்டாயம், ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் விளைவுகளை யோசித்துவிட்டு விலகலாம், மே என்றால் விருப்பம் என்று அது வரையறுத்தது. மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் ‘எ சர்வர் தட் மஸ்ட் ரிப்ளை’, ‘எ சர்வர் தட் ஷுட் ரிப்ளை’ இரண்டையும் ஒன்றாக நினைத்தால் நிரலே தவறாகிவிடும். ஐஎஸ்ஓ தர ஆவணங்களில் கட்டாயத்துக்கு ஷேல், பரிந்துரைக்கு ஷுட், அனுமதிக்கு மே, இயலுமைக்கு கேன் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சட்ட எழுத்தில் ஷேல் பல காலம் கோலோச்சியது. அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதி 2007 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, ஷேல் இருந்த இடங்களில் பொருளுக்குத் தக்கபடி மஸ்ட், மே, ஷுட் என்று மாற்றினார்கள். 56ஆம் விதியில் ஷுட் என்று மாற்றியது சரிப்படவில்லை. 2010இல் அந்த இடத்தில் மட்டும் ஷேலையே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு துணைவினை மாறினால் நீதிபதியின் கடமையின் அளவே மாறிவிடுகிறது. நீங்கள் ஒப்பந்தம் எழுதாதவராக இருந்தால் ஷேலை விட்டுவிட்டு மஸ்ட், வில் என்றே எழுதுங்கள். அன்றாடக் கடிதத்தில் ஷேல் விறைப்பாகத் தெரியும்.

பட்டியல் போடும்போது துணைவினையே வேண்டாம் என்று விடுவதும் உண்டு. ‘டாக்குமென்ட்ஸ் டு பி சப்மிட்டட்’ என்றால் ‘சமர்ப்பிக்க வேண்டிய ஆவணங்கள்’. ‘எ புக் டு ரீட்’, ‘பீப்பிள் டு மீட்’ என்று வரும் ‘டு’ நம் ‘வேண்டிய’வுக்கு மிக நெருக்கமானது. கட்டாயத்தின் அளவைச் சொல்லாமல் நழுவுவதும் நம் ‘வேண்டிய’ மாதிரியே. தலைப்புக்கும் பட்டியலுக்கும் இது போதும். விதிமுறைக்குப் போதாது.

ஒரு வார்த்தை: “அவர் எனக்கு ரொம்ப வேண்டியவர்” என்பதில் உள்ள ‘வேண்டிய’ உறவைச் சொல்வது. அங்கே துணைவினை தேடாதீர்கள். ‘சம்ஒன் ஹூ இஸ் வெரி க்ளோஸ் டு மீ’ என்றால் முடிந்தது.

இறந்த காலத்தில் ‘வேண்டிய’

இந்த இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது, அந்தத் தெளிவை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. “அப்பா விற்க வேண்டியிருந்த நிலம்” என்றும் “அப்பா விற்றிருக்க வேண்டிய நிலம்” என்றும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் நிலம் கைவிட்டுப் போய்விட்டது, வேறு வழியில்லாமல் விற்றார். இரண்டாவதில் நிலம் இன்னும் இருக்கிறது, அன்றே விற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆங்கிலத்தில் முன்னது ‘தி லேண்ட் மை ஃபாதர் ஹேட் டு செல்’, பின்னது ‘தி லேண்ட் மை ஃபாதர் ஷுட் ஹேவ் சோல்ட்’. ‘வேண்டியிருந்த’ என்றால் ஹேட் டு, ‘-இருக்க வேண்டிய’ என்றால் ஷுட் ஹேவ் என்று மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்.

மஸ்ட் என்பதற்கு இறந்த கால வடிவம் கிடையாது. ‘மஸ்ட் ஹேவ் சோல்ட்’ என்று எழுதினால் அது கட்டாயத்தைச் சொல்லாது, ஊகத்தைச் சொல்லும். “விற்றிருப்பார், நிச்சயம்” என்று பொருள். ‘தி கிளார்க் ஹூ மஸ்ட் ஹேவ் ஸீன் தி லெட்டர்’ என்றால் கடிதத்தைப் பார்த்திருப்பார் என்று நாம் நம்புகிற குமாஸ்தா. ‘ஹூ ஷுட் ஹேவ் ஸீன் தி லெட்டர்’ என்றால் பார்க்க வேண்டியவர், பார்க்கவில்லை என்று குறை சொல்லும் தொனி. விசாரணை அறிக்கையில் இந்த இரண்டும் இடம் மாறினால் ஒருவருடைய வேலையே போய்விடக்கூடும்.

‘முடிந்த’ என்பதிலும் ஒரு கவனம் தேவை. “நேற்றைய கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள்” என்றால் ஒரு நாளில் நடந்து முடிந்த செயல். அதற்கு ‘தோஸ் ஹூ வேர் ஏபிள் டு கம்’ என்பதுதான் பாதுகாப்பு. ‘தோஸ் ஹூ குட் கம்’ என்று எழுதினால், இனி வரக்கூடும் என்றும் படிக்க இடமிருக்கிறது. இளமையில் பத்து மைல் நடக்க முடிந்த தாத்தா போன்று பொதுத்திறனைச் சொல்லும்போது குட் தாராளமாகப் போடலாம். எதிர்மறையில் ‘ஹூ குடின்ட் கம்’ என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. எதிர்காலத்தில் ‘ஹூ வில் கேன்’ என்று இரண்டு மோடலை அடுக்கக் கூடாது, ‘ஹூ வில் பி ஏபிள் டு’ என்றே வரும்.

கூடாத, வேண்டாத

மருத்துவரிடம் வைத்துப் பார்த்தால் இது மறக்காது. நோயாளி வீட்டில் இருக்கிற மாத்திரைகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வருகிறார். மருத்துவர் அவற்றை மூன்றாகப் பிரிக்கிறார். ஒரு குவியலில் தினமும் சாப்பிட வேண்டியவை. இரண்டாவதில் இனிமேல் சாப்பிடத் தேவையில்லாதவை, காய்ச்சல் போய்விட்டது, சாப்பிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. மூன்றாவதில் புதிய மருந்தோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாதவை. ஆங்கிலத்தில் எழுதி ஒட்டும்போது முதல் குவியலுக்கு ‘டேப்லட்ஸ் தட் யூ மஸ்ட் டேக்’. இரண்டாவதுக்கு ‘டேப்லட்ஸ் தட் யூ டோன்ட் ஹேவ் டு டேக்’. மூன்றாவதுக்கு ‘டேப்லட்ஸ் தட் யூ மஸ்ட் நாட் டேக்’.

‘ஹேவ் டு’வும் மஸ்ட்டும் நேர்மறையில் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கும், எதிர்மறையில் எதிரெதிர்த் திசையில் போய்விடும். ‘டோன்ட் ஹேவ் டு’ விடுதலை தருகிறது, ‘மஸ்ட் நாட்’ தடை விதிக்கிறது. நம் ‘வேண்டாத’வில் இரண்டின் சாயலும் இருப்பதால் (“நீ போக வேண்டாம்” என்பது தடையாகவும் இருக்கலாம், சலுகையாகவும் இருக்கலாம்) அந்தச் சொல் வந்தால் நின்று யோசியுங்கள். ‘தேவையில்லாத’ என்று மாற்ற முடிந்தால் ‘டோன்ட் ஹேவ் டு’ அல்லது ‘நீட் நாட்’. ‘கூடாத’ என்று மாற்ற முடிந்தால் ‘மஸ்ட் நாட்’.

தொலைந்துபோகும் வேற்றுமை

பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறையும் கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது. தொல்காப்பியமும் இந்த ஆறைச் சொல்கிறது. நமக்கு அது எவ்வளவு இயல்பு என்றால், “நான் எழுத வேண்டிய கடிதம்”, “நான் எழுத வேண்டிய பேனா”, “நான் எழுத வேண்டிய மேசை” மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கடிதத்தை எழுதுகிறோம், பேனாவால் எழுதுகிறோம், மேசையில் எழுதுகிறோம். ஐ, ஆல், இல் என்ற உருபுகள் பெயரெச்சத்தில் மறைந்துவிட்டன. ஆங்கிலத்தில் அவை மறையாது. ‘தி லெட்டர் ஐ மஸ்ட் ரைட்’ என்பதில் ஒன்றும் தேவையில்லை. மற்ற இரண்டும் ‘தி பென் ஐ மஸ்ட் ரைட் வித்’, ‘தி டேபிள் ஐ மஸ்ட் ரைட் ஆன்’ என்று வால் நீண்டு வரும்.

துணைவினை சேரும்போது இந்த வாலை விட்டுவிடும் வழக்கம் அதிகம். கவனமெல்லாம் மஸ்ட்டா ஷுட்டா என்பதில் போய்விடுகிறது. ‘தி ஆஃபீசர் வி ஷுட் ஸ்பீக்’ என்று நின்றுவிடுகிறார்கள், ‘டு’ வேண்டும். ‘தி ஹவுஸ் வி கேன் லிவ்’ என்று எழுதுகிறார்கள், ‘இன்’ வேண்டும். இங்கேயும் முற்றாக்கிப் பார்ப்பதே மருந்து. “அதிகாரியிடம் பேச வேண்டும்” என்று விரித்தவுடன் ‘இடம்’ என்ற உருபு வெளியே வந்துவிடும். அதற்குரிய ஆங்கிலச் சொல் வாக்கியத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

நிலத்துக்கும் காலத்துக்கும் ஆங்கிலத்தில் வேர், வென் என்று தனிச்சொற்கள் உண்டு. ‘எ பிளேஸ் வேர் யூ கேன் பார்க்’, ‘தி டே வென் ஷி மஸ்ட் பே’. இவை வந்தால் வால் தேவையில்லை. ‘எ பிளேஸ் வேர் யூ கேன் லிவ் இன்’ என்று இரண்டையும் போடுவது தவறு. காரணத்துக்கு ‘தி ரீசன் வை’ சரி. முறைக்கு ‘தி வே ஹவ்’ கூடாது, ‘தி வே யூ ஷுட் ஹோல்ட் இட்’ என்று வெறுமனே விட்டுவிட வேண்டும்.

வினையடை எங்கே நிற்கும்?

துணைவினையைத் தேர்ந்துவிட்டோம். இனி ‘எப்போதும்’, ‘அடிக்கடி’, ‘ஒருபோதும்’ போன்றவற்றுக்கு இடம் பார்க்க வேண்டும். இவை முதல் துணைவினையைத் தாண்டியவுடன் நிற்கும். ‘ஹூ கேன் ஆல்வேஸ் ஹெல்ப்’, ‘ஹூ மஸ்ட் நெவர் பி லெஃப்ட் அலோன்’, ‘ஹூ ஷுட் ஆல்வேஸ் ஹேவ் பீன் தேர்’. துணைவினை இல்லையென்றால் வினைக்கு முன்னால் நிற்கும், ‘ஹூ ஆல்வேஸ் ஹெல்ப்ஸ்’. வினை ‘இஸ்’, ‘ஆர்’ என்றால் அதற்குப் பின்னால், ‘ஹூ இஸ் ஆல்வேஸ் லேட்’. ‘ஹேவ் டு’ மட்டும் சாதாரண வினையைப் போல நடந்துகொள்ளும், ‘ஹூ ஆல்வேஸ் ஹேஸ் டு வெயிட்’.

எப்படிச் செய்கிறார் என்று சொல்லும் வினையடைக்கு இடம் வேறு. “ஆங்கிலத்தை நன்றாகப் பேசக்கூடியவர்” என்று நாம் வினைக்கு ஒட்டி முன்னால் வைக்கிறோம். ஆங்கிலத்தில் அது செயப்படுபொருளைத் தாண்டிப் போகும், ‘ஹூ கேன் ஸ்பீக் இங்கிலீஷ் வெல்’. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வெல் வரக்கூடாது. செயப்பாட்டுவினையில் இத்தகைய சொல் கடைசி வினையை ஒட்டி நிற்பது அழகு, ‘கிளாஸ்வேர் தட் மஸ்ட் பி கேர்ஃபுலி ஹேண்டில்ட்’. இரண்டு வகையும் ஒன்றாக வந்தால் தத்தம் இடத்தில் நிற்கும்: ‘கிளாஸ்வேர் தட் மஸ்ட் ஆல்வேஸ் பி கேர்ஃபுலி ஹேண்டில்ட்’. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி ஐயங்கள் தீரும்.

இனி வருவது தமிழில் வரவே முடியாத ஒரு குழப்பம், அதனால்தான் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ ப்ராக்டிஸ் ஆஃபன் இம்ப்ரூவ்’. அடிக்கடி பயிற்சி செய்யும் மாணவர்கள் முன்னேறுகிறார்களா? பயிற்சி செய்யும் மாணவர்கள் பல சமயம் முன்னேறுகிறார்களா? தமிழில் பெயரெச்சத்தின் வினையடை பெயருக்கு முன்னால் வந்துவிடும், முக்கிய வினையின் வினையடை பெயருக்குப் பின்னால் வரும். ‘மாணவர்கள்’ என்ற சொல் நடுவில் வரப்பாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த வரப்பு இல்லை, இரண்டு வினைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன, நடுவில் ஆஃபன் இரண்டு பக்கமும் பார்க்கிறது. துணைவினை இருந்தால் இந்தக் குழப்பம் எளிதாகத் தீரும். ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ ப்ராக்டிஸ் வில் ஆஃபன் இம்ப்ரூவ்’ என்றால் ஆஃபன் இம்ப்ரூவுக்குச் சொந்தம். ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ கேன் ஆஃபன் ப்ராக்டிஸ் வில் இம்ப்ரூவ்’ என்றால் பயிற்சிக்குச் சொந்தம். துணைவினை தேவைப்படாத இடத்தில் வினையடையை வினைக்கு முன்னால் தள்ளுங்கள், ‘ஹூ ஆஃபன் ப்ராக்டிஸ் இம்ப்ரூவ்’. பெயரெச்சத் தொடர் வினையடையில் முடியாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

‘ஒன்லி’ இன்னும் நுட்பமானது. ஓர் அலுவலகக் கணினியில் கோப்பைப் பற்றிச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘தி ஒன்லி பர்சன் ஹூ கேன் ரீட் தி ஃபைல்’ என்றால் அவரைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. ‘எ பர்சன் ஹூ கேன் ஒன்லி ரீட் தி ஃபைல்’ என்றால் படிக்கலாம், திருத்த முடியாது. ‘எ பர்சன் ஹூ கேன் ரீட் ஒன்லி திஸ் ஃபைல்’ என்றால் வேறு கோப்புகளைத் தொட முடியாது. நாம் ‘அவர் மட்டும்’, ‘படிக்க மட்டும்’, ‘இதை மட்டும்’ என்று உரிய சொல்லோடு ஒட்டிவிடுகிறோம். அதே பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோங்கள். எதை மட்டுப்படுத்துகிறீர்களோ அதற்கு முன்னால் ஒன்லியை வையுங்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘எ யங் மேன் ஹூ வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைப்பவர். ‘ஹூ ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் வேலையே செய்யாதவர். ஹார்ட்லி என்பதற்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது. ஆகவே “சரியாக நடக்கக்கூட முடியாத முதியவர்” என்பதை ‘ஹூ கேன் ஹார்ட்லி வாக்’ என்று எழுத வேண்டும், கான்ட் போடக் கூடாது.

‘ப்ராபப்லி’யை நாம் மேயோடு சேர்த்து ‘ஹூ மே ப்ராபப்லி கம்’ என்று எழுதுகிறோம். வரலாமா, பெரும்பாலும் வருவாரா? ஒன்றைத்தான் சொல்ல முடியும். பெரும்பாலும் என்றால் ‘ஹூ வில் ப்ராபப்லி கம்’. வராமல் போவார் என்றால் இடம் மாறி ‘ஹூ ப்ராபப்லி வோன்ட் கம்’ என்று முன்னால் போய்விடும்.

காற்புள்ளி

“சென்னையில் இருக்கக்கூடிய என் அண்ணன்” என்றால் ஒரே அண்ணனா, பல அண்ணன்களில் ஒருவரா? தமிழ் சொல்லாது. ஆங்கிலத்தில் ஒரே அண்ணன் என்றால் ‘மை பிரதர்’ என்று எழுதிக் காற்புள்ளி போட்டு, ‘ஹூ லிவ்ஸ் இன் சென்னை’ என்று தொடர்ந்து, மறுபடியும் காற்புள்ளி. பலரில் ஒருவர் என்றால் காற்புள்ளி இல்லை. காற்புள்ளிக்குப் பின்னால் ‘தட்’ வராது.

பயிற்சி

கீழே உள்ளவற்றை நீங்களே ஆங்கிலமாக்கிவிட்டு விடையைப் பாருங்கள்.

“ஒருபோதும் வெயிலில் வைக்கக்கூடாத மருந்து.” தடை, எனவே மஸ்ட் நாட். ‘ஒருபோதும்’ வருவதால் நாட் போய் நெவர் வரும். ‘எ மெடிசின் தட் மஸ்ட் நெவர் பி கெப்ட் இன் தி சன்’.

“நாங்கள் நேற்றே பேசியிருக்க வேண்டிய அதிகாரி.” பேசவில்லை, ஆகவே ஷுட் ஹேவ். ‘அதிகாரியிடம்’ என்ற உருபு ஆங்கிலத்தில் டு ஆகிறது. ‘தி ஆஃபீசர் வி ஷுட் ஹேவ் ஸ்போக்கன் டு யெஸ்டர்டே’.

“இந்தப் பூட்டை எளிதாகத் திறக்கக்கூடிய ஒரே ஆள்.” திறன், கேன். ‘தி ஒன்லி பர்சன் ஹூ கேன் ஈசிலி ஓப்பன் திஸ் லாக்’. ஈசிலியைக் கடைசியில் வைத்தாலும் தவறில்லை.

“அம்மா அடகு வைக்க வேண்டியிருந்த வளையல்கள்.” வைத்தே விட்டார். ‘தி பேங்கிள்ஸ் மை மதர் ஹேட் டு பான்’. ‘ஷுட் ஹேவ்’ என்று எழுதியிருந்தால் வளையல்கள் இன்னும் கையில்தான் இருக்கின்றன என்று பொருள்.

“வழக்கமாகப் பத்து மணிக்குள் வந்துவிடக்கூடிய எங்கள் தபால்காரர் இன்று வரவில்லை.” இங்கே ‘கூடிய’ வெறும் நீட்டல். முற்றாக்கினால் “வந்துவிடுவார்”, தினசரி வழக்கம். எனவே துணைவினை வேண்டாம், வினையடை வினைக்கு முன்னால் வரும். தபால்காரர் ஒருவர்தான் என்பதால் இருபுறமும் காற்புள்ளி. ‘அவர் போஸ்ட்மேன், ஹூ யூஷுவலி கம்ஸ் பிஃபோர் டென், ஹேஸ் நாட் கம் டுடே’.